அண்ணன் குழந்தைக்கு நான் ஞானத்தாயாக நிற்கலாமா?

கேள்வி: அன்புள்ள ஃபாதர், எனக்கு 29 வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். வேலை சென்னையில். இரண்டு வருடத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். கணவர் இந்து. வீட்டில் அப்போது பெரிய சண்டை, இப்போது எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள். அண்ணனுக்கு முதல் குழந்தை, பெண் பிறந்திருக்கிறாள். அடுத்த மாதக் கடைசியில் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம். நானும் என் கணவரும்தான் ஞானத்தாய், ஞானத்தந்தையாக (குழந்தையின் விசுவாச வளர்ப்புக்குத் துணையாகப் பொறுப்பேற்பவர்களாக) நிற்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். அண்ணி வீட்டில் அவர் தம்பி நிற்பார் என்று எதிர்பார்த்தார்களாம். ஊர்ச் சாமியார், அதாவது ஊர்க் கோயில் ஃபாதர், என் சென்னைப் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, "ரிஜிஸ்டர் கல்யாணம் பற்றி வாயைத் திறக்காதே, பேரை மட்டும் எழுதிக்கொடு" என்கிறார். பாட்டிக்கு வேறு கவலை: "நீ ஞானத்தாயா நின்னுட்டா, நாளைக்கு உனக்கு மகன் பிறந்தா இந்தப் பிள்ளையைக் கட்ட முடியாதே!" நான் ஞாயிறு பூசைக்கு அநேகமாகப் போவேன், நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. அண்ணன் அண்ணிக்கு ஏதாவது ஆனால் குழந்தை நம் பொறுப்பா என்று கணவர் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் ஞானத்தந்தையாக நிற்க முடியாது. நீங்கள் இன்றைய நிலையில் நிற்க முடியாது, ஆனால் உங்கள் நிலையைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் அது முடியுமா என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம் உங்கள் சென்னைப் பங்குத்தந்தையைப் பார்க்கிறீர்கள் என்பதையும், ஆயர் (பிஷப்) அலுவலகத்தில் கோப்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டாவதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இப்போது காரணங்களுக்கு வருவோம். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 872 முதல் 874 வரையுள்ள எண்கள் ஞானப்பெற்றோரைப் பற்றியவை. 16 வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக இருக்க வேண்டும், உறுதிபூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும். தான் ஏற்கும் பொறுப்புக்கும் விசுவாசத்துக்கும் ஏற்ற வாழ்க்கை வாழ வேண்டும். குழந்தையின் தாயோ தகப்பனோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது. யாரை நிறுத்துவது என்பது பெற்றோரின் தேர்வு. பாட்டி, பெரியம்மா, ஊர்ப் பெரியவர்கள் யோசனை சொல்லலாம், தீர்மானிப்பது பெற்றோர். பெற்றோர் என்றால் இருவரும்தான், ஆகவே அண்ணன் பிடிவாதம் மட்டும் போதாது. அண்ணியிடம் யாராவது கேட்டீர்களா?

உங்கள் விஷயத்தில் இடிப்பது 'விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை' என்ற வரி. நீங்கள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கத்தோலிக்கர் ஞானஸ்நானம் பெறாத ஒருவரைத் திருமணம் செய்ய ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அதோடு, ஒரு குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் சம்மதம் சொல்ல வேண்டும், அல்லது அந்த முறையிலிருந்தும் விலக்கு வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் இரண்டும் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். நாட்டின் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி, அதில் ஒரு குறையும் இல்லை. திருச்சபையின் பார்வையில் மட்டும் அந்தத் திருமணம் இன்னும் செல்லுபடியாகவில்லை. நீங்கள் நன்மை வாங்காமல் இருப்பதைப் பார்த்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. யாரும் தடுக்காமலேயே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மனசாட்சியை நான் மதிக்கிறேன். அதனால்தான் அம்மா சொல்லும் வழி உங்களுக்கு ஒத்துவராது என்றும் நினைக்கிறேன்.

அம்மாவின் யோசனை நடைமுறையிலும் எடுபடாது. நீங்கள் ஞானஸ்நானம் பெற்றது அதே ஊர்க் கோயிலில்தானே? அந்தக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே ஓரத்தில் ஓர் இடம் இருக்கும். உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அங்கேதான் குறிப்பாக எழுதப்படும். எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும் அந்தப் பங்கிலிருந்து தகவல் வந்து அங்கே ஏற வேண்டும் என்பது விதி. உங்களுக்குக் கல்யாணமானது ஊருக்கே தெரியும், பதிவேட்டில் மட்டும் அந்த இடம் காலி. சாமியார் கடிதம் கேட்டதற்குக் காரணமே அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் நேரடியாகக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தாமல், வாயைத் திறக்க உங்களுக்கே ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார்.

ஒருவேளை யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டால்? குழந்தையின் ஞானஸ்நானம் செல்லும். தண்ணீரும், மூவொரு கடவுளின் பெயரும், திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கமும் இருந்தால் அது நிறைவேறிவிடும். ஞானப்பெற்றோர் 'இயன்றவரை' இருக்க வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது. 2021 அக்டோபரில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள கத்தானியா மறைமாவட்டம், ஞானப்பெற்றோரை நியமிப்பதையே மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. பரிசுக்காகவும் செல்வாக்குக்காகவும் ஆள் பிடிப்பது அங்கே அந்த அளவுக்குப் போயிருந்தது. அப்போதும் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே குழந்தைக்கு ஆபத்து எதுவும் இல்லை, சிக்கல் உங்களுக்குத்தான். சடங்கின்போது சபை நடுவில் நின்று பாவத்தை விட்டுவிடுவதாகவும் திருச்சபையின் விசுவாசத்தை ஏற்பதாகவும் நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். பெற்றோரின் கடமையில் அவர்களுக்கு உதவத் தயாரா என்று குருவானவர் உங்களிடம் தனிக் கேள்வியாகவே கேட்பார். உள்ளே ஒன்றை மூடி வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது, நன்மை வாங்காமலே ஒதுங்கி உட்காரும் உங்களால் முடியாது.

சரி, வழி என்ன?

உங்கள் திருமணத்தைச் சரிசெய்ய இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது, ஆயரிடம் விதிவிலக்கு வாங்கி, கோயிலில் குரு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நீங்கள் இருவரும் சம்மதத்தைப் புதிதாகச் சொல்வது. பந்தல், பத்திரிகை, பிரியாணி எதுவும் தேவையில்லை. பத்து பேர் நிற்கும் சின்னச் சடங்கு போதும், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இரண்டாவது, கோயிலுக்கு வந்து மறுபடி வாக்குக் கொடுப்பது உங்கள் கணவருக்கு உறுத்தலாக இருந்தால். "நமக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே, அதைப் பொய்யாக்குவதா?" என்று பலர் கேட்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக 'சனாசியோ இன் ராதிசே' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் முன்பு கொடுத்த சம்மதம் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு, மறுபடி எந்தச் சடங்கும் இல்லாமல், ஆயர் தம் ஆணையால் அந்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்குவார். நான் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவன். இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் நன்மை வாங்காமல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். பங்குகளில் இதை நாங்களே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

எந்த வழியானாலும் உங்கள் கணவர் மதம் மாறத் தேவையில்லை. இதை அவரிடம் அடித்துச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் ஒரு வாக்குறுதி தர வேண்டியிருக்கும்: என் விசுவாசத்தைக் கைவிட மாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று. நீங்கள் இப்படி வாக்குக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டு வாக்குத் தர வேண்டியதில்லை. ஆனால் இது ஒரு பெரிய பேச்சு. பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இருவரும் இதுவரை மனம்விட்டுப் பேசவில்லை என்றால், அண்ணன் குழந்தையின் ஞானஸ்நானத் தேதிக்காக அவசரப்பட்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி போனால் போகட்டும். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். ஒரு விழாவுக்காகக் கொடுத்த வாக்கு, பின்னால் சொந்தக் குழந்தை பிறக்கும்போது வீட்டுக்குள் சண்டையாக வந்து நிற்கும்.

பேசி ஒத்துவந்தால் இந்த வாரமே சென்னைப் பங்குத்தந்தையிடம் போங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழையும், இரண்டு பேரின் அடையாள ஆவணங்களையும் கையோடு கொண்டுபோங்கள். ஊர்க் கோயிலிலிருந்து புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும். பழைய லேமினேட் செய்த பிரதி ஆகாது, ஓரக் குறிப்புகள் தெரிய வேண்டும் என்பதால் அண்மையில் எடுத்ததைத்தான் கேட்பார்கள். உறுதிபூசுதல் வாங்கியிருக்கிறீர்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஹாஸ்டல், பள்ளிக்கூடம் என்று ஊர் மாறிப் படித்தவர்களில் சிலர் புதுநன்மையோடு (முதல் நற்கருணையோடு) நின்றிருப்பார்கள், அவர்களுக்கே அது நினைவிருக்காது. உங்கள் பகுதி அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழுவில்) குடும்பத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பங்குத்தந்தைக்கு நீங்கள் யார் என்றே தெரியாது, தெரியாத ஆளுக்குக் கடிதம் கேட்டால் அவர் தயங்குவது இயல்பு.

உங்கள் கணவர் விஷயம். ஞானஸ்நானம் பெறாதவர் ஞானத்தந்தையாக நிற்க இடமில்லை. அவர் சி.எஸ்.ஐ. போன்ற கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவச் சபைக்காரராக இருந்திருந்தால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சியாக நின்றிருக்கலாம், அந்த இடமும் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டுமே. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தவிக்கிறீர்கள் என நினைக்கிறேன். 'உன்னை ஒதுக்கிவிட்டார்கள்' என்று அவர் காதில் விழாதபடி சொல்லுங்கள். அந்த இடத்தில் நிற்பவர் கிறிஸ்தவ விசுவாச அறிக்கையைத் தன்னுடையதாக எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தான் நம்பாத ஒன்றை ஒரு மனிதரின் வாயில் திணிப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. வெறும் சம்பிரதாயம்தானே, சொல்லிவிட்டால் போகிறது என்று அவரே முன்வந்தாலும் நான் வேண்டாம் என்பேன். அவர் குழந்தைக்கு மாமா. அந்த உரிமையை எந்தச் சட்டமும் எடுக்காது. சடங்கில் முன்வரிசையில் நிற்கட்டும், சடங்கு முடிந்ததும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும், விருந்தைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்தட்டும். நம் ஊர் விருந்தில் பந்தி விசாரிக்க ஓர் ஆள் கிடைப்பது சாதாரணமா?

பாட்டியின் கவலையை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், அதற்குப் பின்னால் உண்மையான பழைய விதி ஒன்று இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஞான உறவு திருமணத்துக்குத் தடையாக இருந்தது. ஆனால் அது ஞானத்தாய்க்கும் ஞானப்பிள்ளைக்கும் நடுவில் உள்ள தடை, ஞானத்தாயின் மகனைத் தொடாது. 1983 தொகுப்பில் அந்தத் தடையே எடுக்கப்பட்டுவிட்டது. கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கத் திருச்சபைகளின் 1990 சட்டத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது, கன்னியாகுமரிப் பக்கம் சீரோ மலபார், சீரோ மலங்கரா குடும்பங்களில் சம்பந்தம் செய்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே நீங்கள் ஞானத்தாயாக நின்றதால் பாட்டியின் கனவு கெடப்போவதில்லை. அதைத் தடுப்பது வேறொன்று: அத்தை மகனும் மாமன் மகளும் திருச்சபைக் கணக்கில் நாலாம் படி இரத்த உறவு, அதுவே திருமணத் தடை, ஆயர் விலக்குத் தந்தால்தான் நடக்கும். பிறக்காத மகனுக்குத் தொட்டிலில் இருக்கும் பெண்ணைப் பேசி முடிப்பதைப் பற்றி நான் கருத்துச் சொன்னால் பாட்டி என்னை அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிட மாட்டார், அதனால் விட்டுவிடுகிறேன்.

குழந்தை யார் பொறுப்பு என்று உங்கள் கணவர் கேட்டாரே, அவர் பொறுப்பான மனிதர். ஞானத்தாய்க்குக் குழந்தைமேல் சட்டப்படியான உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. பெற்றோர் இருவரும் இல்லாமல் போனால் பாதுகாவலரை நியமிப்பது நீதிமன்றம், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தையின் நலனைப் பார்த்து. அண்ணனுக்கு மனதில் யாராவது இருந்தால் உயில் எழுதி வைக்கட்டும், ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள கையெழுத்து அதற்கு உதவாது.

அப்படியானால் ஞானத்தாயின் வேலைதான் என்ன என்று கேட்பீர்கள். கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், குழந்தைகளுக்காகப் பொறுப்பேற்று நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அவர்களே இடையில் இறந்துபோகலாம், அல்லது பிள்ளை தப்பான வழியில் வளர்ந்து அவர்களை ஏமாற்றலாம், எதற்கு இந்த ஆபத்தில் அவர்களைத் தள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி. அந்தக் காலத்தில் அதை எவ்வளவு கனமான பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இப்போது நம் பக்கம் அது வெள்ளைச் சட்டை, செயின், மோதிரம், ஃபோட்டோ என்று சுருங்கிவிட்டது. சட்டை எடுப்பது யார், செயின் எத்தனை கிராம் என்று ஊருக்கு ஊர் ஒரு பழக்கம் உண்டு, திருச்சபை அதில் ஒன்றையும் கேட்பதில்லை. சடங்குக்கு வேண்டியது ஒரு வெள்ளை உடையும், பாஸ்கா திரியிலிருந்து (கோயிலில் உள்ள பெரிய ஈஸ்டர் மெழுகுதிரி) ஏற்ற ஒரு மெழுகுதிரியும்தான். குழந்தையைத் தண்ணீருக்குமேல் பிடிப்பது ஞானத்தாய்தான் என்று நம் பாட்டிமார் சாதிப்பார்கள். பெற்றோர் பிடிப்பதைத்தான் சடங்கு நூல் விரும்புகிறது, பழக்கம் இருக்கும் இடத்தில் ஞானத்தாயும் பிடிக்கலாம்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அண்ணனும் அண்ணியும் களைத்துப்போய் ஞாயிறு பூசைக்குக் கிளம்பாத வருடங்கள் வரும். லீவுக்கு வரும்போது பிள்ளையைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவது, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொடுப்பது, பிறந்தநாளோடு ஞானஸ்நான நாளையும் நினைத்து ஃபோன் செய்வது, பதினான்கு வயதில் அவள் "கடவுள் இருக்காரா அத்தை?" என்று கேட்டால் அதட்டாமல் உட்கார்ந்து கேட்பது. அம்மா அப்பாவிடம் கேட்க முடியாததை அத்தையிடம் கேட்பார்கள். ஒரு கலப்புத் திருமணத்துக்குள் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொண்டு வரும் அத்தைக்கு அந்தக் கேள்வி மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

இனி அண்ணனிடம் பேசுங்கள். ஊர்ச் சாமியார் சொல்லி அவருக்குத் தெரியவரும் முன்னால் நீங்களே சொல்ல வேண்டும், அண்ணியும் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. "எனக்கு ஆசைதான், என் கல்யாணத்தைக் கோயிலில் சரிசெய்யக் கேட்டிருக்கிறேன், தேதிக்குள் வந்தால் நிற்கிறேன், வராவிட்டால் அண்ணியின் தம்பி ஞானத்தந்தையாக நிற்கட்டும்" என்று. ஞானத்தாயும் ஞானத்தந்தையும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒருவர் போதும். தாய்மாமன் தகுதியுள்ளவராக இருந்தால் அண்ணி வீட்டு மனத்தாங்கலும் அதோடு தீர்ந்துவிடும். உங்களுக்காகத் தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று அண்ணன் சொல்வார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் சரி, சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் வேண்டாம். பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் கவனம் எடுக்க வேண்டும் என்பது சட்டம், குழந்தையின் உரிமை உங்கள் கோப்புக்காகக் காத்திருக்கக் கூடாது.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை. அவர் ஊர் வாய்க்குப் பயப்படுகிறார். மகள் ஏன் நிற்கவில்லை என்று நாலு பேர் கேட்பார்களே என்பதுதான் அவர் பிரச்சினை. மகளும் மருமகனும் தங்கள் திருமணத்தை ஆயரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது அந்த நாலு பேருக்கும் சொல்லக்கூடிய பதில்தான்.

இன்னொன்று, தேதி தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் வளர்ந்து உறுதிபூசுதல் வாங்கும்போது அவளுக்கு மறுபடி ஒரு ஞானத்தாய் தேவைப்படும். ஞானஸ்நானத்தில் நின்றவரையே நிறுத்துவது நல்லது என்கிறது சட்டம், ஆனால் கட்டாயமில்லை. அப்போது அவள் தன் வாயாலேயே உங்களைக் கேட்கலாம்.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது முதல் முறை தனியாகப் போங்கள். இரண்டாவது முறை கணவரையும் கூட்டிப்போங்கள், அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும். ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் வாசலில் மடக்கிப் பிடித்துப் பேசாதீர்கள், எங்களுக்கு அப்போது காது கேட்காது. வாரநாள் சாயங்காலம் அலுவலக நேரத்தில் போனால் நிதானமாகப் பேசலாம்.